நாலு வருடம் என்று அப்பா சொன்னார்

மற்றவர்கள் முடிவெடுப்பதற்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பது என் வேலை. மழையில் தண்ணீர் தேங்கும் தெருக்களில் எந்தத் தெருவுக்கு முதலில் பம்பு வைப்பது, ஹவுராவுக்குப் போகும் படகுகளைக் கூட்ட நேரத்தில் எப்படிப் பிரித்து விடுவது, இந்த மாதிரி. அலுவலகம் பாலிகஞ்சில். புதிதாகச் சேருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்: என்ன நடக்கக்கூடும் என்பதை நாம் கணிக்கலாம், ஆனால் எது எவ்வளவு முக்கியம் என்பதை முடிவெடுக்கிறவர்தான் சொல்ல வேண்டும், அந்த எண்ணில் நாம் கை வைக்கக் கூடாது. ஒருமுறை எங்களில் ஒருவர் ஓர் அதிகாரி சொன்ன எண்ணைச் சும்மா கொஞ்சம் திருத்திவிட்டார். எல்லோர் முன்னாலும் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்தது. டாக்டர் இரண்டு வழி சொன்னார். குரல்வளையை எடுத்துவிட்டால் பிழைக்க வாய்ப்பு அதிகம், ஆனால் குரல் போய்விடும். கதிர்வீச்சு கொடுத்தால் குரல் தங்கலாம், நோய் திரும்பி வரவும் செய்யலாம். எவ்வளவு வாய்ப்பு என்று இரண்டுக்கும் எண் சொன்னார். முடிவை எங்களிடம் விட்டுவிட்டார்.

அப்பாவின் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பெஹாலாவில் எங்கள் பேட்டையின் துர்கா பூஜையில் மைக் பிடிப்பது பல வருடங்களாக அவர்தான். புஷ்பாஞ்சலிக்கு நேரமாகிவிட்டது, போக் பிரசாதம் வாங்க வரிசையில் வாருங்கள், சிவப்புச் சட்டை போட்ட குழந்தை பந்தலில் நிற்கிறது என்று அவர் வங்க மொழியில் சொன்னால், தமிழர் என்று யாரும் நம்ப மாட்டார்கள். அந்த நாலு நாளும் அவரை வீட்டில் பார்க்கவே முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மடிக்கணினியோடு பெஹாலாவுக்குப் போனேன். அம்மா கீழ் வீட்டுக்குப் போயிருந்தாள். அலுவலகத்தில் கேட்கிற மாதிரியே கேட்டேன்.

"அப்பா, குரல் இல்லாம பத்து வருஷம் இருக்கலாம்னு வச்சுக்கோங்க. குரலோட இருக்கணும்னா அதுல எத்தனை வருஷத்தை விட்டுக் கொடுப்பீங்க?"

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நாலு."

"நல்லா யோசிச்சீங்களா?"

"நாலுன்னேன்ல. போட்டுக்கோ."

போட்டேன். கதிர்வீச்சு என்று வந்தது. மூன்று போட்டுப் பார்த்தேன். அப்போதும் கதிர்வீச்சு. இரண்டு போட்டாலும் அதுதான். ஒன்று என்று போட்டதும் ஆபரேஷன் என்று வந்தது. அத்தோடு நிறுத்திக்கொண்டேன். எனக்கு அப்பா வேண்டும், வேறு நியாயம் ஒன்றும் என்னிடம் இல்லை.

"ஆபரேஷன்தான்னு வருதுப்பா" என்றேன்.

"நீ போட்டா சரியாத்தான் இருக்கும்" என்றார். வங்கியில் ஒரு காகிதத்தையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதவர், அன்று திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

எந்த எண்ணை யார் சொன்னது என்று ஒரு தாள் எழுதி இணைப்பது எங்கள் தொழிலில் வழக்கம். டாக்டருக்குக் காட்டுவதற்காக அன்று பழக்கதோஷத்தில் அந்தத் தாளையும் அச்செடுத்தேன். குரலுக்காக விட்டுக் கொடுப்பது: ஒரு வருடம். சொன்னவர்: நோயாளி. அது மருத்துவ ஃபைலுக்குள் போய்விட்டது.

அப்பா பிழைத்தார். கழுத்தில் மூச்சுக்கு ஒரு துளை, கையில் எழுதித் துடைக்கிற சின்ன வெள்ளைப் பலகை. அந்த வருடப் பூஜையில் மைக்கை வேறொருவர் பிடித்தார். அப்பா அஷ்டமியன்று அஞ்சலி முடிந்ததும் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டார். அம்மாவுக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. கீழ் வீட்டுக்காரர்கள், சொந்தக்காரர்கள், யார் வந்தாலும் அவள் பூரித்துப்போய்ச் சொல்வது ஒன்றுதான்: "குரலா நானான்னு வந்தப்போ, அவரு என்னைத்தான் பாத்தாரு."

அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவேன்.

போன மாதம் பரிசோதனைக்கு அப்பாவை நான்தான் அழைத்துப் போனேன். டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது அப்பா ஃபைலைப் பிரித்து, என் தாளை எடுத்து என் மடியில் வைத்தார். ஒன்று என்ற எண்ணைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். பலகையில் எழுதினார்: "நான் நாலு என்றேன்."

"ஆமாப்பா. நான்தான் மாத்தினேன்."

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. ஆனால் திரும்பவும் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தால் திரும்பவும் ஒன்றுதான் போடுவேன் என்று எனக்குத் தெரியும். அதை வைத்துக்கொண்டு என்ன மன்னிப்புக் கேட்பது?

அப்பா என்னைப் பார்க்கவில்லை. அவர் கழுத்துத் துளையில் மூச்சு போய்வரும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு எழுதியதைத் துடைத்துவிட்டு மறுபடியும் எழுதினார்.

"அம்மாவிடம் சொல்லாதே."

நான் படித்துவிட்டேனா என்று பார்த்தார். தலையாட்டினேன். கைக்குட்டையால் பலகையைத் துடைத்துவிட்டு, தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.