சுவரைப் பார்த்த மேசை

"ஆற்றைப் பார்த்த மேசை வேண்டாம். சுவரைப் பார்த்தது ஏதும் இருக்கிறதா?" என்று சிதம்பரத்தார் தனக்கு வந்த ஜெர்மனில் கேட்கும்போது, தோட்டத்து வைனோடு சாப்பாடும் விற்கும் எந்த வைன் வீட்டுக்காரரும் ஒரு கணம் விழிக்காமல் இருந்ததில்லை. ஜெர்மனியின் மோசெல் கரைக்கு உலகம் வருவதே அந்த ஆற்றைப் பார்க்கத்தான். வளைந்து வளைந்து போகும் தண்ணீர், இரண்டு பக்கமும் செங்குத்தாக ஏறும் திராட்சைத் தோட்டம், கையில் ஒரு கிண்ணம் வெள்ளை வைன்: இதற்காக முன்கூட்டியே சொல்லிவைத்துக் காத்துக்கிடக்கிறார்கள். இவரோ கழிவறைக்குப் போகும் வழியில், ஈர மேலங்கிகள் தொங்கும் மூலையில் ஒரு மேசையைக் கண்டால் முகம் மலர்ந்துவிடுவார்.

"இது திறம். இதுதான் எங்களுக்கு வேணும்."

பிறகு காருக்குப் போய் மனைவி பாலாம்பிகையைக் கைபிடித்துக் கூட்டிவருவார். சுவரைப் பார்த்த நாற்காலியில் அவரை இருத்தி, நாற்காலியை மேசைக்குள் நன்றாகத் தள்ளிவிட்டு, பக்கத்தில் தான் அமர்ந்து வழியை அடைத்துக்கொள்வார்.

எழுபதைத் தாண்டிய மெலிந்த மனிதர். எந்த வெயிலிலும் கழுத்துப்பட்டி. கண் எப்போதும் பரிமாறுகிறவர்கள்மேல். எங்கேயாவது ஒரு தட்டு கிணுங்கினால் தலை சட்டென்று அந்தப் பக்கம் திரும்பும். எந்த மேசையில் சாப்பிட்டு முடிந்தது, யார் எடுக்க வருகிறார்கள், எத்தனை நேரமாய் எடுக்காமல் கிடக்கிறது என்று கூடத்தின் நிலவரம் முழுவதும் அவருக்கு அத்துபடி. ஒரு வீட்டுக்கு ஒருமுறைதான் வருவார், மறுபடி வரமாட்டார். இப்படி ஒருவர் ஒரு கரையால் இறங்கி மறு கரையால் ஏறிக்கொண்டிருந்தால் வைன் வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? உணவகங்களுக்குத் தரம் போடும் ஏதோ ஒரு கையேட்டின் இரகசியப் பரிசோதகர் என்று ஒரு கதை கிளம்பியது. சிதம்பரத்தாரின் பழைய காரைவிட அந்தக் கதை வேகமாக ஓடியது.

உண்மையில் அவர் வைன் குடிப்பதில்லை, முருகனுக்கு வாக்குக் கொடுத்தவர். ஆனால் சாப்பாட்டுக்கு முன் நிலவறையில் ருசிபார்க்கக் கூப்பிட்டால், மறுத்தால் அவர்கள் மனம் நோகும் என்று போவார். கிண்ணத்துக்குள் மூக்கை விடுவார், கண்ணை மூடுவார், அப்படியே துப்பும் வாளிக்குள் கவிழ்த்துவிடுவார். பெரிய பெரிய நிபுணர்களே வாயில் வைத்துவிட்டுத்தான் துப்புகிறார்கள். மூக்கோடு தீர்ப்பை முடித்துவிடுகிற மனிதரைக் கண்டு ஓர் இளம் வைன்காரர் வெளிறிப்போய், "அந்த வருடம் மழை அதிகம்" என்று தானாகவே மன்னிப்புக் கேட்டாராம்.

"பழைய வைனிலை பெற்றோல் மணக்குது எண்டு பெருமையாச் சொல்லுறாங்கள். எனக்கெண்டா ஒண்டும் மணக்கேல்லை. 'குட்' எண்டனான். பாவம், பெடியனுக்குச் சந்தோசம்" என்பார் சிதம்பரத்தார் பிறகு.

பாலாம்பிகை இதே கரையில் ஒரு வைன் வீட்டு உணவகத்தில் வேலை செய்தவர். அகதியாக வந்த புதிதில் சட்டி கழுவ எடுத்தார்கள். பிறகு மேசை துடைக்க, தட்டு எடுக்க என்று கூடத்துக்கு முன்னேறி, ஓய்வு பெறும்வரை அங்கேயே நின்றார். நின்றார் என்பது சரியான சொல். சிதம்பரத்தார் தொழிற்சாலை வேலை முடிந்து வந்து வெளியே காரில் காத்திருப்பார். கண்ணாடிக்குள்ளால் பார்த்தால் ஊரே இருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும். இவருடைய மனைவி மட்டும் நின்றுகொண்டிருப்பார். "ஒருநாளைக்கு நாங்களும் ஆக்களா வந்து இருந்து சாப்பிடுவம், சூப்பிலை இருந்து ஐஸ்கிறீம் வரைக்கும்" என்று வீட்டுக்குப் போகும் வழியில் சொல்வார்.

"ஓம், ஓம். றோட்டைப் பாத்து ஓட்டுங்கோ" என்பார் பாலாம்பிகை.

ஓய்வும் வந்தது, மறதியும் வந்தது. எது முதலில் வந்தது என்பதுதான் யாருக்கும் தெரியாது. ஏனென்றால் அந்த மறதியை நம் சனம் வருடக்கணக்கில் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்திருக்கத்தான் முடியுமா? ஊன்ட்றொப் ஊரின் தமிழ்க் கோயிலில் அம்மன் தேரன்று, யார் எவர் என்றே தெரியாதவர்களின் தட்டுகளைப் பொழுது சாயும்வரை பொறுக்கிக்கொண்டிருந்தார், பார்த்தவர்கள் கைகூப்பினார்கள். ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் தகப்பன் வடையைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போதே தட்டைப் பறித்துக்கொண்டு போனார். வயிறு நோகச் சிரித்தார்கள். தன்னுடைய அறுபதாவது பிறந்தநாளுக்கு ஒரு வாய் சாப்பிடாமல் வந்தவர்களுக்கெல்லாம் பரிமாறிவிட்டு, "இண்டைக்கு ஆரின்ரை பிறந்தநாள்?" என்று கேட்டார். "பாத்தியளே, தன்ரை பிறந்தநாளே தெரியாமல் மற்றாக்களுக்குச் செய்யிற மனிசி" என்று மேடையில் ஏறி ஒருவர் பேசினார். இத்தனை பாராட்டு கிடைத்தால் எந்த நோய்தான் செழித்து வளராது?

கடைசியில் கண்டுபிடித்தது, பல் வைத்தியரின் வரவேற்பறையில் இருந்த ஒரு ஜெர்மன் பெண். காத்திருந்தவர்களின் கையிலிருந்து சஞ்சிகைகளை ஒவ்வொன்றாக வாங்கிப் பாலாம்பிகை இடது கையில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

நரம்பு வைத்தியர் கேட்டார்: "சாப்பாட்டின் நடுவே எழுந்து போவது எப்போது தொடங்கியது?"

"கலியாணம் கட்டின நாளிலிருந்து" என்றார் சிதம்பரத்தார்.

தனக்குத்தான் விளங்கவில்லையோ என்று வைத்தியர் இன்னொருமுறை கேட்டார். பதில் மாறவில்லை.

"இது வருத்தமெண்டா எங்கட பொம்பிளையள் முக்கால்வாசிப் பேருக்கு இந்த வருத்தம்தான்" என்று இவர் வெளியில் பகிடி விடுவதுண்டு. மகள் தேனுஜா சிரிப்பதில்லை. "அம்மா ஒருநாளாவது எங்களோட இருந்து சாப்பிட்டிருந்தா, எழும்பேக்கை தெரிஞ்சிருக்கும் அப்பா" என்றாள் ஒருமுறை. அதன் பிறகு பகிடி குறைந்துவிட்டது.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற அவர் வசந்தத்தில் புறப்பட்டார். எங்கே போனாலும் கதை ஒன்றுதான். சூப் வரும். சில இடங்களில் சூப் வரும்வரைகூடப் பொறுக்கமாட்டார் பாலாம்பிகை. இவர் கழிவறைக்குப் போய்வரும் நேரம் போதும், கூடத்தின் நடுவே நின்று தட்டு அடுக்கிக்கொண்டிருப்பார். வேடிக்கை என்னவென்றால், சாப்பிட வந்த யாரும் திடுக்கிட்டதில்லை. பழுப்பு நிறப் பெண் ஒருத்தி வந்து தட்டை எடுத்தால் இந்த ஊரில் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. "இன்னொரு றீஸ்லிங் வைன்" என்று கேட்டவர்கள் உண்டு. பில் கொண்டுவரச் சொன்னவர்கள் உண்டு. அவர் ஒரு வாடிக்கையாளர், அவருடைய சூப் மூலையில் ஆறிக்கொண்டிருக்கிறது என்பது கடைக்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும். அவர்கள் சில இடங்களில் பணிவாக வந்து சொன்னார்கள். மற்ற இடங்களைப் பற்றிச் சிதம்பரத்தார் பேசுவதில்லை.

ஐப்பசிக் குளிரில் வைன் வீடுகள் வாசலில் தொங்கும் இலைக்கொத்தைக் கழற்றத் தொடங்கின. கொத்து இறங்கினால் பருவம் முடிந்தது என்று பொருள். பராமரிப்பு இல்லத்தில் பாலாம்பிகைக்கு அறை கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை கொண்டுவந்து விடச் சொல்லியிருந்தார்கள். தேனுஜா உடுப்புகளில் பெயர் தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரேயொரு சாப்பாடு பிள்ளை. இருந்து சாப்பிடட்டும். பிறகு நானே கொண்டுபோய் விடுறன்."

"அப்பா, அவவுக்கு அது நினைவிலயும் நிக்காது."

"எனக்கு நிக்கும்தானே."

சனிக்கிழமை மத்தியானம் மூவரும் போன வைன் வீட்டில் கொத்து இன்னும் தொங்கியது. வீட்டுக்காரி திருமதி தீசென் வாசலுக்கே வந்து கைகுலுக்கினார். பரிசோதகர் கதை இங்கேயும் வந்து சேர்ந்திருந்தது. சுவரைப் பார்த்த மேசை என்று இவர் வாயெடுக்கும் முன்னரே, கூடத்தின் நட்டநடுவில், ஆற்றையும் மலையையும் அத்தனை மேசைகளையும் ஒருங்கே பார்க்கக்கூடிய இடத்தில், வெள்ளை விரிப்பு விரித்துப் பூ வைத்திருந்தார்கள்.

"மூலை... மூலையில் ஒன்று..." என்றார் சிதம்பரத்தார்.

"உங்களுக்கா? மூலையா?" திருமதி தீசென் இதை ஒரு பரீட்சை என்று எடுத்துக்கொண்டார். புன்னகை மாறாமல் அவரை நடுமேசைக்கு நடத்திப் போனார்.

சூப் வந்தது. பாலாம்பிகை கரண்டியை எடுத்தார், குடித்தார், முழுவதையும் குடித்தார். தேனுஜா தகப்பனைப் பார்த்தாள். தகப்பன் மூச்சு விட்டால் குழம்பிவிடும் என்பதுபோல் இருந்தார். வெண்ணெயில் பொரித்த ஆற்றுமீன் வந்தது. பாலாம்பிகை மீனையும் ஒரு துண்டு எடுத்து, முள் பார்த்து, வாயில் வைத்தார். "உப்புக் காணாது" என்றார். சிதம்பரத்தாரின் கண் நிறைந்துவிட்டது. உப்புக் காணாது என்று சொல்வது ஆக்களாய் வந்து இருப்பவர்களின் பேச்சு.

"உப்பு வாங்கட்டே? இருங்கோ அம்மா, நான்..." என்று தேனுஜா எழும்பினாள்.

அப்போது பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் சாப்பிட்டு முடித்து, பிள்ளைகள் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று தள்ளின. கிணுங்கல் கேட்டது.

"இஞ்சரும், இரும்." சிதம்பரத்தார் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்தார். "இரும். ஐஸ்கிறீம் வரும்."

பாலாம்பிகை இருந்தார். கண் மட்டும் தட்டுகளில் இருந்தது. பிடித்திருந்த கையை அவர் மெல்ல, ஒரு பிள்ளையின் கையை விலக்குவதுபோல் விலக்கி, மேசையில் வைத்து, ஒருமுறை தட்டிக் கொடுத்தார். எழுந்து போனார்.

பக்கத்து மேசையை ஒழித்தார். அதற்கடுத்ததை ஒழித்தார். இடது கையில் முழங்கைவரை தட்டுகள், ஒன்றுகூட ஆடவில்லை. வீட்டில் சட்டையின் பொத்தான் போடத் தெரியாத கை அது. பரிமாறும் பெண் வழிவிட்டு ஒதுங்கினாள். திருமதி தீசென் வாயைத் திறந்தபடி நின்றார். தேனுஜா அம்மாவைக் கூப்பிடப் போனாள்.

"விடு பிள்ளை" என்றார் சிதம்பரத்தார்.

பாலாம்பிகை சமையலறைக்குள் போய் வெறுங்கையோடு வந்தார். இவர்களுடைய மேசைக்கு வந்தார். தன்னுடைய இடத்தில் கிடந்த மீன் தட்டைப் பார்த்தார். அந்த வாடிக்கையாளர் பாதியில் போய்விட்டார் என்று கொண்டாரோ என்னவோ, தலையை ஆட்டிக்கொண்டு எடுத்தார். பிறகு கணவர் பக்கம் திரும்பி, லேசாகக் குனிந்து, அத்தனை வருடம் அந்நியர்களிடம் கேட்ட அதே மரியாதையான ஜெர்மனில் கேட்டார்.

"ஸிண்ட் ஸீ ஃபேர்டிஷ்?" சாப்பிட்டு முடிந்ததா என்று பொருள்.

சிதம்பரத்தார் நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அதில் ஒரு நல்ல வேலைக்காரியின் புன்னகை இருந்தது, வேறொன்றும் இல்லை.

அவருடைய தட்டில் பாதி மீன் மிச்சமிருந்தது. கத்தியும் முள்ளுக்கரண்டியும் குறுக்கும் மறுக்குமாகக் கிடந்தன. இந்த நாட்டில் அதற்கு, இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம்; இரண்டும் பக்கம் பக்கமாக நேராகக் கிடந்தால், முடித்துவிட்டேன் என்று அர்த்தம். அப்படிக் கிடக்கும்வரை பாலாம்பிகை தொடமாட்டார். பொறுமையாக நின்றார்.

சிதம்பரத்தார் கத்தியை எடுத்து, முள்ளுக்கரண்டிக்குப் பக்கத்தில், நேராக வைத்தார்.