அப்பா துப்பிய மண்

பெற்ற தகப்பன் மகளைப் பார்த்து, "யாரு வீட்டுப் புள்ளம்மா நீ?" என்று விருந்தாளியிடம் கேட்பது போலக் கேட்டால் எப்படி இருக்கும், சொல்லுங்கள் முருகனடியார்களே? போன ஐப்பசி முழுக்க எனக்கு அதுதான் நடந்தது.

நான் திண்டுக்கல்லில் வாழ்க்கைப்பட்டவள். கொடைரோடு பக்கம் அப்பா வீடு, கூப்பிடு தூரத்தில் அவருடைய மல்லிகைத் தோட்டம். மறதி நோய் வந்து எங்கள் எல்லோரையும் மறந்துவிட்டார். பிறகு படுத்த படுக்கை. நானும் அங்கேயே வந்து தங்கிவிட்டேன். "இனி வீட்டுலயே வச்சுப் பாத்துக்கங்க" என்று டாக்டரும் கைவிரித்துவிட்டார். என்னால் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. அடுப்படிக்கும் கட்டிலுக்குமாக அலைந்தேன். பழனி இருக்கும் திசையைப் பார்த்துச் சண்டையே போட்டேன்.

"முருகா, அவரப் பொழைக்க வையின்னு கேக்கல. ஒரே ஒரு தடவ எம் பேரச் சொல்லிக் கூப்பிட வையி. இம்புட்டுக்கூட ஒன்னால ஏலாதா?"

கஞ்சி இறங்கவில்லை. பேச்சும் நின்றுவிட்டது. உயிர் மட்டும் பிரியவில்லை. பார்க்க வந்த சித்தப்பா, "மண்ணாசையில உசுரு நிக்குதும்மா. தோட்டத்து மண்ணக் கரைச்சு ஊத்துங்க, நிம்மதியாப் போயிருவாரு" என்றார். எங்கள் பக்கத்து வழக்கம் அது. ஐயோ, என் பெயரைச் சொல்லாமலே போய்விடுவாரே!

"செத்த நேரம் பொறுங்க சித்தப்பா" என்று கெஞ்சினேன். யார் கேட்டார்கள்? அண்ணன் பைக்கில் போய் ஒரு பிடி மண்ணோடு வந்துவிட்டான். கரைத்து, தெளிந்த தண்ணீரில் ஒரு கரண்டி ஊற்றினான். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

தூவென்று துப்பினார் அப்பா.

"என்னத்தலே ஊத்துறீக? இது கிராவலு!"

அண்ணன் திருதிருவென முழித்தான். பாதை போடத் தோட்டத்து வாசலில் லாரி கொட்டிய சரளை மண் குவியலில், அவசரத்தில் அள்ளியிருக்கிறான். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"ஏ செல்வி! அவந்தான் கூறுகெட்ட பய. நீயும் பாத்துக்கிட்டு நிக்கிற? போயி செடித் தூருல அள்ளிட்டு வா!"

செல்வி! அழுதுகொண்டே ஓடினேன், சிரித்துக்கொண்டே ஓடினேன். காலில் செருப்புகூட இல்லை. மல்லிகைத் தூரில் அள்ளிவந்து நானே கரைத்து ஊற்றினேன். மடக்கென்று விழுங்கினார். பொழுது சாய்வதற்குள் அமைதியாகப் போய்ச் சேர்ந்தார்.

அன்றிலிருந்து மாதாமாதம் கார்த்திகை நட்சத்திரத்தன்று பழனி மலையேறுகிறேன். எதுவும் கேட்பதில்லை, நன்றி சொல்லிவிட்டு இறங்குகிறேன். உங்கள் மனசும் தவிக்கிறதா? அவனிடம் கேளுங்கள். சண்டை போட்டுக்கூடக் கேளுங்கள். எப்படித் தர வேண்டும் என்று மட்டும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். அப்பா கொஞ்சிக் கூப்பிடுவார் என்று நான் காத்திருந்தேன். முருகன் திட்டிக் கூப்பிட வைத்தான். அப்பா என்னை எப்போதுமே அப்படித்தான் கூப்பிடுவார்.