உட்காராத மாப்பிள்ளை

என் அத்தை மகன் ஏழுமலை புதுப் படகு வாங்கியிருக்கிறான். போன வாரம் கடலூர் துறைமுகத்தில் ஏறிப் பார்த்தேன். எஞ்சின் பக்கத்தில் முதலுதவிப் பெட்டி ஒன்று இருந்தது. மூடியைத் திறந்ததும் வந்த டிஞ்சர் வாசனை என்னை நேராக அவனுடைய பின்புறத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. தப்பாக நினைக்காதீர்கள், விபத்து நடந்த இடம் அதுதான்.

நாங்கள் சேர்ந்து ஃபைபர் படகில் தொழிலுக்குப் போன காலத்தில் எங்கள் மருந்துப் பெட்டி ஒரு காபித்தூள் பொட்டலம். கத்தி வெட்டினாலும் காபித்தூள், கயிறு கையைக் கிழித்தாலும் காபித்தூள். கெளுத்தி முள் குத்தினால் மட்டும் சுடுதண்ணீர். மிச்சத் தூளில் காபி போட்டும் குடிப்போம்.

ஏழுமலைக்குக் கல்யாணம் நிச்சயமாகி, வாசலில் பந்தக்காலும் நட்டாயிற்று. அதற்குப் பிறகு மாப்பிள்ளை கடலில் இறங்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்துக் கட்டுப்பாடு. ஆனால் வஞ்சிரம் படுகிறது என்று காதில் விழுந்துவிட்டதே! "ஒரே ஒரு தடவ மச்சான், வெயில் ஏறுறதுக்குள்ள வந்துரலாம்" என்றான். போனோம். ஒரு மீன்கூடக் கடிக்கவில்லை. திரும்பும்போது அலை ஒன்று படகைத் தூக்கிப் போட, அவன் போய்த் தூண்டில் கூடையின் மேல் உட்கார்ந்தான். அன்றைக்குத் தூண்டிலில் மாட்டியது அவன் ஒருத்தன்தான்.

தூண்டில் முனையில் பின்பக்கம் பார்த்து ஒரு முள் உண்டு. உள்ளே போனால் வெளியே வராது. காபித்தூளை அப்பிப் பார்த்தோம். பிறகு நான் குறடு எடுத்தேன். அவன் போட்ட கூச்சலில் குறடு கடலுக்குள் போய்விட்டது.

கடலூர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றாலே பெண் வீட்டுச் சொந்தம் நாலு பேர் எதிர்ப்படுவார்கள். கடலுக்குப் போனது தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும். ஏற்கெனவே பெண்ணின் தாய்மாமன் கோபத்தில் இருந்தார். நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை தம் எதிரே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தானாம். "மரியாத தெரியாத பையனுக்கா பொண்ணக் குடுக்குறீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஏழுமலைக்கோ கல்யாணப் பெண் செல்வி என்றால் உயிர். ஆகவே இடுப்பில் துண்டைச் சுற்றிக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸில் ஏறினோம். தாய்மாமன் கண்டக்டர் என்பது எங்களுக்குத் தெரியும். எந்த பஸ்ஸில் என்று யோசிக்கத்தான் மறந்துவிட்டோம்.

"மாப்ள! சீட்டு அவ்ளோ காலியா கெடக்குது, ஒக்காருங்க" என்றார்.

"இருக்கட்டும் மாமா. நீங்க நிக்கறப்ப நான் எப்பிடி ஒக்கார்றது?"

ஆலப்பாக்கம் போயிற்று, புதுச்சத்திரம் போயிற்று. ஒவ்வொரு வேகத்தடையிலும் ஏழுமலை "முருகா" என்றான். பையனுக்குப் பக்தியும் உண்டு என்று மாமா நினைத்துக்கொண்டார். முட்லூர் வருவதற்குள் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

சிதம்பரம் டாக்டர் டிஞ்சர் தடவி, மரத்துப்போக ஊசி போட்டு, தூண்டிலை முன்பக்கமாகவே தள்ளி, வெளியே வந்த முள்ளை நறுக்கி, மிச்சத்தை உருவினார். அதைப் பார்த்து நான் மயங்கி விழுந்தேன். நர்சம்மா ஏழுமலையை எழுப்பிவிட்டு அதே கட்டிலில் என்னைப் படுக்கவைத்தார்.

கல்யாணத்தில் மணைமேல் ஜமக்காளத்தை நான்காக மடித்துப் போட்டேன். தாலி கட்டியதும் மாமா மைக்கைப் பிடித்தார். "கடலூர்லேர்ந்து சிதம்பரம் வரைக்கும் என் எதிர்ல ஒக்காரலங்க இந்தப் புள்ள!" உண்மையை ஏழுமலை செல்வியிடம் முன்பே சொல்லியிருந்தான். அவள் தலை குனிந்தபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அழுகிறாள் என்று மாமா போய்த் தேற்றினார்.

அதற்குப் பிறகு ஏழுமலையால் அவர் எதிரே உட்காரவே முடியவில்லை. சோற்றில் கை வைத்திருந்தாலும் மாமா தலை தெரிந்தால் எழுந்து நிற்பான். முதலில் அது நடிப்புதான். எப்போது நிஜமானது என்று எனக்குத் தெரியாது, அவனுக்கும் தெரிந்திருக்காது.

மாமா போன மாதம் தவறிப்போனார். பந்தலில் செல்வி நாற்காலி கொண்டுவந்து போட்டாள். ஏழுமலை அதைத் தள்ளி வைத்துவிட்டு வெயிலில் நின்றான். "ஒக்காருடா மச்சான், இனிமே யாரு பாக்கப் போறா" என்றேன்.

"மாமா எதிர்ல இருக்காருடா" என்றான். எடுக்கும்வரை நின்றான்.

நேற்று அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். சொந்தக்காரர்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். ஏழுமலை நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தான். அவன் எழுந்து நிற்க இனி யாரும் வரப்போவதில்லை.