திருத்தி எழுதித் தரவும்

அந்த இணையதளத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்குப் பிடிக்காத முதல் விஷயம் அதுதான். வேலை கிடைத்தவன் சிரிக்கிறான், வேலை போனவனும் சிரிக்கிறான். மேனேஜரிடம் வாங்கிய திட்டைக்கூட 'இன்று நான் கற்ற பாடம்' என்று எழுதிப் போடுகிறான், கீழே கூட்டமாக வந்து கைதட்டுகிறார்கள். வேலை தேடுகிறவர்கள் கூடுகிற இடம் என்றுதான் என்னிடம் சொன்னார்கள். எனக்கு அது கல்யாண மண்டப வாசலில் பன்னீர்ச் செம்போடு நிற்கிறவர்களின் கூட்டமாகத்தான் தெரிந்தது.

ஆனாலும் போய்ச் சேர்ந்தேன். வேலை வேண்டும், வேறு வழியில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் பதினோரு வருடம் பர்ச்சேஸில் இருந்தேன். வெளியே கொடுத்துச் செய்து வாங்கும் வேலையெல்லாம் என் பொறுப்பு. யாரிடம் கொடுப்பது, வந்த சரக்கு சரியாக இருக்கிறதா, இல்லையென்றால் திருப்பி அனுப்புவது எல்லாம் நான்தான். பிறகு கம்பெனி ஸ்ரீபெரும்புதூரையும் தாண்டிப் போனது. கம்பெனி பஸ் விட்டார்கள், ஆண்கள் ஏறிப் போனார்கள். எங்கள் டிபார்ட்மென்ட் மேனேஜர் என்னை மட்டும் ரூமுக்குக் கூப்பிட்டார்.

"உனக்கு எதுக்கும்மா அவ்ளோ தூரம்? பையன் டென்த் படிக்கிறான். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார். மேஜையில் ராஜினாமாக் கடிதம் தயாராக இருந்தது. சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன் என்று அவரே டைப் அடித்து வைத்திருந்தார். எனக்கு என்ன சொந்தக் காரணம் என்று எனக்கே தெரியாது. கையெழுத்துப் போடவில்லையென்றால் வேலையை விட்டு நீக்கியதாகப் போகும், அடுத்த இடத்தில் எவனும் எடுக்க மாட்டான் என்றார். போட்டேன்.

ஒன்றரை வருடம் வீட்டில் இருந்தேன். வானகரத்தில் எங்கள் ஃபிளாட்டுக்கு மேல்மாடியில் கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி இருக்கிறாள், ஐடி கம்பெனியில் ஆள் எடுக்கும் வேலை. அவள்தான் கணக்குத் திறந்து கொடுத்தாள். முதலில் போட்டோ. என் வீட்டுக்காரர் என்னைச் சுவர் ஓரமாக நிறுத்தி எடுத்தார், அவள் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தாள்.

"அக்கா, கொஞ்சம் சிரிங்க."

"எதுக்கு?"

"சிரிச்சாத்தானுங்க நல்லா இருக்கும்."

"பர்ச்சேஸ்ல சிரிச்சா எதிராளி ரேட்டை ஏத்துவான்" என்றேன். சிரிக்காமல்தான் அந்தப் போட்டோ இருக்கிறது.

என்னைப் பற்றி நானே எழுத வேண்டும் என்றாள். 'சப்ளையர்களோடு நல்லுறவைப் பேணுவதில் பேரார்வம் கொண்டவர்' என்று அவளே ஒரு வரி போட்டாள். எனக்கு அப்படி எந்த ஆர்வமும் கிடையாது, சப்ளையர்களில் பாதிப்பேருக்கு என்னைக் கண்டாலே ஆகாது என்றேன். சண்டை போட்டு அந்த வரியை எடுக்க வைத்தேன். 'பதினோரு வருடம் பர்ச்சேஸ். சரக்கு சரியில்லை என்றால் வாங்க மாட்டேன்' என்று போடச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள், ஆனால் போட்டாள்.

அந்த வரியைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்கள். திருமழிசை தாண்டி, குத்தம்பாக்கம் பக்கம் ஒரு கம்பெனி. நேரில் போனேன். கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னேன், அவர்கள் முகம் திருப்தியாகத்தான் இருந்தது. கடைசியில் ஆள் எடுக்கும் பையன் சொன்னான்: "மேடம், உங்க பழைய கம்பெனில போன் எடுக்க மாட்டேங்கிறாங்க. உங்களோட வேலை பார்த்த பொறுப்பான ஆள் யாராவது உங்களப் பத்தி அந்த சைட்ல ஒரு பரிந்துரை எழுதட்டும். எங்க ஓனர் அதப் பாத்துட்டுத்தான் ஓகே பண்ணுவாரு. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

வேலைக்கும் எனக்கும் நடுவில் ஒரே ஒரு பத்தி. அதை இன்னொருவன் எழுத வேண்டும்.

பொறுப்பான ஆள் என்றால் மேலே இருந்தவர்தான் என்று நினைத்தேன். மேனேஜரைத் தேடினால், அவர் படத்தைச் சுற்றி 'வேலை தேடுகிறேன்' என்று பச்சை வளையம். புது இடத்தில் அவரையும் வெளியே தள்ளிவிட்டார்கள். எனக்கு மனசு இளகவில்லை, நன்றாக வேண்டும் என்றுதான் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, பரிந்துரை வேண்டும் என்று கேட்டு அனுப்பினேன்.

பத்து நிமிஷத்தில் போன் வந்தது.

"என்னம்மா, எப்படி இருக்க? உன்னையே நினைச்சுட்டிருந்தேன்."

"எதுக்கு சார்?"

"ஒண்ணுமில்ல. இப்பல்லாம் பெரிய கம்பெனில, லேடீஸ் ஸ்டாஃப எப்படி நடத்துனீங்கன்னு பாக்குறாங்க. என் புரொஃபைல்ல எழுதுனது பூரா ஜென்ட்ஸ். நீ எனக்கு ஒண்ணு எழுதிடு, நான் உனக்கு ஒண்ணு எழுதிடறேன். உனக்குக் கஷ்டமே வேணாம், நானே டைப் பண்ணி அனுப்பறேன். நீ ஒட்டிட்டாப் போதும்."

அனுப்பினார். இங்கிலீஷில் ஒரு பத்தி. பெண் ஊழியர்களைச் சமமாக நடத்தியவராம். கூடப் பிறந்த அண்ணன் போல என் வளர்ச்சிக்குத் துணை நின்றவராம். கம்பெனி இடம் மாறியபோது என் குடும்பச் சூழலைப் புரிந்துகொண்டு கனிவோடு வழிகாட்டியவராம்.

கனிவு. அந்த வார்த்தையைப் படித்ததும் காது சூடாகிவிட்டது. என் வாயில் வரவேண்டியதை இந்த ஆள் டைப் அடித்து வைப்பது இது இரண்டாவது முறை. முதல் தடவை வேலையை எடுத்துக்கொள்ள, இந்தத் தடவை வேலை கொடுக்க. இரண்டு தடவையும் கையெழுத்து மட்டும் என்னுடையது.

ஒட்டவில்லை. அவருக்குப் பரிந்துரை எழுதும் பக்கத்தைத் திறந்தேன். இவரோடு உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டு ஒரு வரிசை வந்தது: மேலதிகாரி, கீழே வேலை பார்த்தவர், சக ஊழியர், வாடிக்கையாளர், சப்ளையர். 'மேலதிகாரி' என்பதைத் தொட்டுவிட்டுத் தமிழிலேயே எழுதினேன்.

'இவருக்குக் கீழே பதினோரு வருடம் வேலை பார்த்தேன். நான் பேசிக் குறைத்த ரேட்டை மீட்டிங்கில் தன் சாதனை என்று சொல்வார். சரக்கு கெட்டுப்போனால் என் தவறு என்பார். கம்பெனி இடம் மாறியபோது என்னிடம் கேட்காமலே என் ராஜினாமாக் கடிதத்தை டைப் அடித்து வைத்து, மிரட்டிக் கையெழுத்து வாங்கினார். பஸ்ஸில் இடம் இருந்தது.'

அனுப்பு என்பதை அழுத்தினேன். உலகமே படிக்கட்டும் என்றுதான் நினைத்தேன். மேல்மாடிப் பெண்ணிடம் காட்டியபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அக்கா, இது யாருக்கும் தெரியாதுங்க. அவருக்கு மட்டுந்தான் போகும். அவரு சரின்னு ஏத்துக்கிட்டாத்தான் வெளிய காட்டும்."

முதலில் ஏமாற்றமாக இருந்தது. தெருவில் கத்தலாம் என்று போய், மூடிய அறைக்குள் கத்திவிட்டு வந்த மாதிரி. ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்த அறைக்குள் இருந்தது அவர் மட்டும்தானே. உலகத்துக்கு இது ஒரு செய்திகூட இல்லை. படிக்க வேண்டியவர் ஒரே ஒரு ஆள். அவருக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே போன்.

"என்னம்மா இது? யாராவது பார்த்தா என் கதி என்ன?"

"யாரும் பார்க்க மாட்டாங்க சார். நீங்க அழுத்துனாத்தான் தெரியும். அழுத்துங்க."

"விளையாடாத. நான் டைப் பண்ணித்தானே அனுப்புனேன்?"

"அதான் சார் பிரச்சினை."

"அப்ப உனக்கும் நான் எழுத மாட்டேன். அந்த வேலை உனக்கு வராது, பாத்துக்க."

"நீங்க எழுதி வர்ற வேலை எனக்கு வேணாம். வைங்க" என்று சொல்லி நானே வைத்தேன். கோபம் பாதி, பயம் பாதி. அன்று புதன்கிழமை. கொஞ்ச நேரத்தில் அந்தத் தளத்திலிருந்து ஒரு தகவல்: அவர் திருத்தம் கேட்கிறாராம். அதற்கென்றே ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். 'தயவுசெய்து திருத்தி எழுதித் தரவும். தலைமைப் பண்பைக் குறிப்பிடவும்.' இந்த நிலைமையிலும் அவருக்குத் தலைமைப் பண்பு கேட்கிறது.

நான் எழுதிய பத்தியைத் திரும்பத் திறந்து பார்த்தபோதுதான் அந்த உறவு வரிசை மறுபடி கண்ணில் பட்டது. சப்ளையர். மேலே இருந்தவன்தான் எழுத வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பொறுப்பான ஆள் என்றுதான் அந்தப் பையன் கேட்டான்.

மறுநாள் காலையில் பட்டரவாக்கம் போனேன். அங்கே உதிரிபாகங்களுக்கு முலாம் பூசுகிற பிளேட்டிங் பட்டறை வைத்திருக்கிறவர் எங்களுக்கு வருஷக்கணக்கில் வேலை செய்தவர். எங்களுக்குள் நடந்த சண்டைக்குக் கணக்கே கிடையாது. என்னைப் பார்த்ததும் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார்.

"இன்னா மேடம், இங்கயும் வந்துட்டியா? இப்பதான் நிம்மதியா கீறேன்."

விஷயத்தைச் சொன்னேன்.

"நானா? உனக்கா? நீ எம்மாம் லோடு திருப்பி அனுச்சிருப்ப? குட்டியானை வண்டி வாடகையே எனக்கு நாக்கு தள்ளிடுச்சி. உன்ன பத்தி நல்லதா எழுதுன்னா நா இன்னாத்த எழுதறது?"

"நல்லதா எழுதச் சொல்லலண்ணே. உள்ளத எழுதுங்க."

"உள்ளத எழுதுனா உனுக்கு வேல கெடைக்காது மேடம்."

"கெடைக்கலன்னா பரவால்ல. எழுதுங்க."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி, போன்ல இன்னா பண்ணணும் காட்டு" என்றார். அவருக்கு அந்தத் தளத்தில் கணக்கு இல்லை. நானே திறந்து கொடுத்தேன். படத்துக்கு, அவர் ஏரியாவில் யாரோ அடித்த ஃபிளெக்ஸ் பேனரில் கும்பிட்டு நிற்கும் படத்தை வெட்டிப் போட்டார். பேசினால் எழுத்தாக வருவதைக் காட்டியதும் என்னை வெளியே விரட்டினார். "நீ நின்னுகினு இருந்தா எனக்கு வாயே வராது. போ, போ."

ஆசிட் நெடியில் வாசலில் நின்றேன். உள்ளே கத்திப் பேசுகிற சத்தமும் தொழிலாளிகள் சிரிக்கிற சத்தமும் கேட்டன. மெஷின் இரைச்சலில் ஒரு வார்த்தையும் புரியவில்லை. வெளியே வந்து, "ஊட்டுக்குப் போய்ப் பாரு" என்றார்.

வீட்டில் மேல்மாடிப் பெண்ணையும் கூப்பிட்டு உட்கார வைத்துத்தான் திறந்தேன்.

'இந்த மேடம்கூட வேல செய்றது ரொம்ப கஷ்டம். ஒரு பீஸ்ல புள்ளி இருந்தாலும் விடாது. சண்ட போடும். தீவாளிக்கு ஸ்வீட் பாக்ஸ் குடுத்தா டிரைவர் கைலயே திருப்பி அனுப்பிடும். ஒருவாட்டி அக்கவுண்ட்ஸ்காரன் என் பில்ல அமுக்கிட்டான். நா போய் கேக்கவேயில்ல, இதுவே அவன் டேபிளாண்ட நின்னு கத்தி வாங்கிக் குட்த்துச்சு. எனக்கு இந்த மேடத்த புடிக்காது. ஆனா நா பெரிய கம்பெனி வச்சா பர்ச்சேஸ்ல இதத்தான் ஒக்கார வெப்பேன்.'

அவள் இரண்டு தடவை படித்தாள். "அக்கா, புடிக்காதுங்கிற வரிய மட்டும் எடுக்கச் சொல்லுங்க. கஷ்டம்னு ஆரம்பிக்கிறதையும். திருத்தம் கேக்கலாமுங்க, இதோ பொத்தான் இருக்கு."

இருந்தது. மேனேஜருக்கு இருந்த அதே இரண்டு பொத்தான்கள் இப்போது எனக்கு. ஏற்றுக்கொள் ஒன்று, திருத்தம் கேள் ஒன்று. நாளைக்கு வெள்ளிக்கிழமை. அந்த முதல் வரி உண்மையிலேயே என் வேலையைக் கெடுக்கலாம். அதையும் யோசித்தேன், யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதில் பொய் எதுவும் இல்லை. ஏற்றுக்கொள் என்பதை அழுத்தினேன்.

வெள்ளிக்கிழமை முழுக்கப் போன் வரவில்லை. சனிக்கிழமை மத்தியானம் அந்தப் பையன் கூப்பிட்டான்.

"மேடம், ஓனர் ஒண்ணு கேக்கச் சொன்னாரு. அந்தப் பிளேட்டிங்காரர் எழுதுனது உண்மையான்னு."

"உண்மை."

"சண்டை போடுவீங்களா?"

"சரக்கு சரியில்லன்னா போடுவேன். உங்க ஓனர்கிட்டயும் போடுவேன்."

அந்தப் பக்கம் யாரோ சிரிப்பது கேட்டது. போன் ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது. "திங்கக்கிழமை வந்துடுங்க மேடம்" என்றான்.

சேர்ந்த அன்றைக்கு, தளத்தில் புதுக் கம்பெனியின் பெயரைப் போட்டுக் கொடுத்தாள் மேல்மாடிப் பெண். வாழ்த்து குவிந்தது. எல்லாம் ஒரே வாசகம், யாரும் யோசித்து எழுதியதில்லை, தளமே எழுதிக் கொடுத்து அழுத்த வைப்பது. அதில் மேனேஜருடையதும் ஒன்று. மற்றவர்கள் டைப் அடித்ததில் கையெழுத்து மட்டும் போடுவது எப்படி இருக்கும் என்று அவரும் தெரிந்துகொள்ளட்டும்.

பதில் போடவில்லை. அவர் கேட்ட திருத்தம் இன்னும் அப்படியே கிடக்கிறது. நான் எழுதியதை அழிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. அவர் என்றைக்கு வேண்டுமானாலும் ஏற்றுக்கொள் என்பதை அழுத்தலாம்.