பீரோ போட்டுக்கொண்ட ஊசி

வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் தூக்குகிறவன் அவன். ஒற்றை ஆளாய் இரும்பு பீரோவை முதுகில் ஏற்றி மாடிக்குக் கொண்டுபோன நாளிலிருந்து அவன் பெயரே பீரோ என்றாகிவிட்டது. சொந்தப் பெயர் அவன் மனைவிக்கு மட்டும்தான் நினைவிருந்தது.

நாற்பது தாண்டியதும் படிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினான்.

"என்னண்ணே, பீரோ துருப்பிடிச்சிருச்சா?" என்று கூட வேலை செய்கிறவர்கள் சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை. வேலைக்குக் கூப்பிடுவதைக் குறைத்தார். உடம்பைத் தேற்ற அவன் ஜிம்முக்குப் போனான். அங்கே ஒருவன், ஆண் ஹார்மோனைச் செயற்கையாய்ச் செய்து அடைத்த ஊசி என்று விற்றான். இவன் அதை வாங்கி வாராவாரம் போட்டுக்கொண்டான். தோள் திரண்டது, மேஸ்திரியும் கூப்பிட்டார்.

பிறகு மார்பு வீங்கியது. காம்புக்கு அடியில் கட்டியாய் ஒன்று. சாமானைக் கட்டித் தூக்கும் பட்டை உரசினால் உயிர் போய் வந்தது. வேறொருவனாக இருந்தால் பயந்து நிறுத்தியிருப்பான். இவனோ, ஆண் மருந்து போதாமல்தான் பெண்ணுடம்பு எட்டிப்பார்க்கிறது என்று முடிவுகட்டி, இரண்டு மடங்காகப் போட்டான். வீக்கம் இன்னும் கூடியது.

"துவைக்கிறவ நான். இந்த வெயில்ல ரெண்டு பனியன் எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க," என்றாள் மனைவி.

டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆம்பளை உடம்புலயும் ஈஸ்ட்ரோஜன்னு பெண் ஹார்மோன் கொஞ்சம் இருக்கும். நீங்க போட்ட மருந்துல ஒரு பங்கை உடம்பே ஈஸ்ட்ரோஜனா மாத்திடுது. கூடப் போட்டா அதுவும் கூடும்."

"அப்ப நானேதான் தீனி போட்டு வளர்த்திருக்கேன்."

"ஆமா. வெளியிலேர்ந்து கிடைக்குதேன்னு உங்க உடம்பு தானா சுரக்கறதையும் விட்டுடுச்சு. ஊசிய நிறுத்தினா, அது திரும்பி வர்ற வரைக்கும் ரொம்ப அசதியா இருக்கும். என்கிட்ட வந்து பார்த்துக்கிட்டே இருங்க."

"வேலை போயிருமே டாக்டர்."

அவர் அடுத்து வரவேண்டிய தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

ஊசியை நிறுத்தினான். எழுந்து பல் விளக்குவதே மலையேறுவதாய் இருந்தது. மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்ட ஒரு நாள், அவனே மேஸ்திரியிடம் போனான்.

"இனிமே என்னால தூக்க முடியாது மேஸ்திரி. வேற எதாவது குடுங்க."

"பீரோன்னு பேர வெச்சுக்கிட்டு கேக்கற கேள்வியா இது?" மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "பாத்திரம், கண்ணாடி கட்டறதுக்கு ஆள் நிக்க மாட்டேங்குது. உக்காந்து செய்யற வேலை. கூலி பாதிதான்."

"சரி."

அடுத்துச் சாமான் ஏற்றப் போன வீட்டில் அவன் கீழ்ப்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு கோப்பையாய்க் காகிதத்தில் சுற்றினான். பின்னால் நான்கு பேர் முக்கிக்கொண்டு ஒரு கட்டிலை இறக்கினார்கள்.

"கொஞ்சம் தள்ளிக்கண்ணே."

அவன் தள்ளிக்கொண்டான்.