படத்தைப் பார்க்காமல் படித்த புத்தகம்

ஆபீஸ் தோழி கொடுத்த புத்தகத்தை, வைட்ஃபீல்டில் மெட்ரோ ஏறி மெஜஸ்டிக் வருவதற்குள் முடித்துவிட்டேன். ஒரு பெண் தன் கதையைத் தானே படம் படமாக வரைந்து இங்கிலீஷில் எழுதியிருந்தாள். என்ன சாதி என்று யாருக்கும் சொல்லாமல் ஹாஸ்டலில் தங்கிப் படித்த கதை. கட்டங்களுக்குள் இருந்த எழுத்தை மட்டும் சரசரவென்று படித்தேன். இந்த வயசில் காமிக்ஸ் படிக்கிறாளே என்று பக்கத்து சீட்டில் நினைப்பார்களோ என்ற கூச்சம் வேறு. மறுநாள், "இவ்ளோதானா? அரை மணி நேரத்துல முடிஞ்சுபோச்சு" என்று நீட்டினேன். "படத்தைப் பாத்தியா இல்லியா?" என்றாள் தோழி, புத்தகத்தை வாங்கிக்கொள்ளாமல். பெரிய மேதாவி மாதிரிக் கேட்கிறாளே என்று எரிச்சலாக இருந்தது.

மத்தியானம் கேன்டீனில் மறுபடி பிரித்தேன். ஒரு பக்கத்தில் அந்தப் பெண்ணின் அம்மா ஹாஸ்டலுக்கு வருகிறாள். மகள் கேட்டிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிடுகிறாள். அம்மா ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை என்று மேலே எழுதியிருந்தது. கீழே படத்தில் அந்த அம்மா பஸ்ஸில் உட்கார்ந்து, கொண்டுவந்த பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தேன்.

நாங்கள் சிவாஜிநகர்க்காரர்கள். அப்பா மாட்டுக்கறிக் கடையில் வேலை செய்தவர். அவர் இறந்த நாளன்று, அவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் போட்டோவுக்கு முன்னால் படைப்பது எங்கள் வழக்கம். மல்லேஸ்வரத்தில் வாடகை வீட்டுக்காக ஓனரம்மாவிடம் சுத்த சைவம் என்று புளுகித்தான் சாவி வாங்கினேன். அப்பாவின் போட்டோவும் என்னோடு வந்துவிட்டது.

போன வருஷம் அந்த நாளில், அம்மா கறி வறுத்து டிபன் பாக்ஸில் எடுத்துக்கொண்டு பஸ் மாறி வந்தாள். கேட்டிலேயே மறித்தேன். "உள்ள கொண்டாராதம்மா, வாசனை வரும்" என்று பாக்ஸைப் பிடுங்கி ஸ்கூட்டர் டிக்கியில் பூட்டினேன். அப்பாவுக்குத் தயிர்சாதம் படைத்தேன். ஆயுசுக்கும் தயிரைத் தொடாத மனுஷன். "பரவால்ல கண்ணு, அதுவும் சாப்புடுவாரு" என்றாள் அம்மா. அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு வருஷம் முழுக்க நிம்மதியாக இருந்திருக்கிறேன், பாவி.

அதைச் சொன்னபோது அவள் முகம் எப்படி இருந்தது? கேன்டீனில் உட்கார்ந்து எவ்வளவோ யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. நான் பார்த்திருந்தால்தானே வரும்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், வாய் வரவில்லை. புத்தகத்தை அவள் மடியில் வைத்தேன். அம்மாவுக்கு எந்த பாஷையிலும் எழுத்து தெரியாது. அதனால் ஒவ்வொரு படத்தையும் நின்று நிதானமாகப் பார்த்தாள். அந்தப் பக்கம் வந்தது. பஸ்ஸில் இருக்கிற அம்மாவைப் பார்த்து என்ன சொல்வாளோ என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் விரல் மேலே, கேட்டருகில் நிற்கும் மகளின் மேல் போய் நின்றது.

"இந்தப் பொண்ணு ஏன் இப்டி பயந்துபோய் நிக்குது?"

அம்மா நிமிர்ந்து என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அந்த வீட்ல உனக்கு தினமும் இப்டித்தான் இருக்குதா கண்ணு?"