சொத்தைக் கூறில் வைத்த வார்த்தை

கொச்சி மட்டாஞ்சேரிச் சுக்கு மண்டியில் தரம் பிரிக்கிற பெண்களில் சங்கரிக்கு வாய் கொஞ்சம் நீளம். கம்பத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். லாரி ஓட்டிய கணவன் எச்.ஐ.வி.யை மட்டும் அவளுக்கு விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தான். அதற்கும் அவள் மசியவில்லை. பல வருடங்களாக ஒரு வேளை தவறாமல் மாத்திரை. ரத்தத்தில் கிருமி தட்டுப்படுவதே இல்லை.

ஆனால் போன மாதம் சொத்தைச் சுக்கை ஏற்றுமதிக் கூறில் போட்டுவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கிற கை அது! பிறகு ஒருநாள் அடுப்பில் சாயா வற்றிப் பாத்திரம் கருகியது. கிருமி மூளைக்கு ஏறிவிட்டதோ என்று சந்தேகம் தட்டியது. மறதி முற்றினால் மண்டியில் யார் வைத்துக்கொள்வார்கள்?

ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்ருதா பாலக்காட்டுக்காரர். தமிழிலேயே பேசினார். "நாலு வார்த்தை சொல்றேன், சேச்சி. மனசுல வச்சுக்கங்க, அப்புறம் கேப்பேன். ஆடு, குடை, கப்பை, நீலம்."

கேட்டுக்கொண்டு சும்மா இருக்கச் சங்கரியால் முடியுமா? "அது இருக்கட்டும் டாக்டரம்மா. மூளைக்குள்ள இந்தக் கிருமி எந்த வழியா போகுது?"

"மூளையில இருக்கற ரத்தக்குழாய்ச் சுவர் ரொம்ப நெருக்கம். கிருமி தனியா நுழையறது கஷ்டம். நம்ம உடம்பைக் காக்கற வெள்ளை அணுவுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டுத்தான் பெரும்பாலும் போகும்."

"எந்தா இது! காவக்காரன் வயித்துக்குள்ளயா?"

"ஆமா. உள்ளயும் மூளையைக் காக்கற செல்லுங்க உண்டு. கிருமி பிடிச்சுக்கத் தோதா சில புரதம் அதுங்க மேல இருக்கு. அதைப் பிடிச்சுத்தான் உள்ள நுழையும். நினைவைத் தாங்கற நரம்புச் செல்லுல அந்த வசதி இல்ல. அதுக்குள்ள அனேகமா போறதில்ல."

"அப்ப நரம்பு ஏன் கெடுது?"

"கிருமி புகுந்த காவல் செல்லுங்க கக்கற நஞ்சு பக்கத்து நரம்பை வாட்டும்."

சங்கரிக்குக் கிருமியைவிடக் காவல்காரன்மேல்தான் ஆத்திரம் வந்தது.

"சரி சேச்சி, அந்த நாலு வார்த்தை?"

பக்கென்றது. பேச்சு சுவாரசியத்தில் எல்லாம் பறந்துவிட்டது. கண்ணை மூடினாள். மேசைமேல் கை தானாகச் சுக்குப் பிரித்தது. பழக்கதோஷம், வார்த்தைகளைக் கேட்டபோதே கூறுக்கு ஒன்றாகப் போட்டு வைத்திருந்தாள். பருமன் கூறில் ஆடு. நடுத்தரத்தில் குடை. உடைசலில் கப்பைக் கிழங்கு. சொத்தைக் கூறுக்கு மேலே வந்ததும் கை நின்றுவிட்டது. அங்கே ஒன்றுமே இல்லை. மண்டியில் சொத்தையை அள்ளிக் கட்டுகிற சாக்கை நினைத்துப் பார்த்தாள். அதன் வாயைக் கட்டியிருந்த கயிற்றின் நிறம் தெரிந்தது.

"நீலம்!" என்று கத்தியேவிட்டாள்.

அம்ருதா சிரித்தார். "நாலும் சரி. மறதிக்குத் தைராய்டும் காரணமா இருக்கலாம், அதைப் பாத்துருவோம்."

"அப்ப கிருமி மூளைக்குள்ள வரவே இல்லையா?"

டாக்டர் பொய் சொல்லவில்லை. "வந்திருக்கும், சேச்சி. உடம்புல புகுந்த ஆரம்பத்துலயே அங்கயும் போயிருக்கும். மாத்திரை அதைத் தலைதூக்க விடல."

சங்கரி உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்தாள். பயம் வரும் என்றுதான் நினைத்தாள். வந்தது சிரிப்பு.

"இத்தனை வருசமா உள்ளயே கெடந்தும் ஒரு ஆட்டைக்கூட அதால ஓட்டிட்டுப் போக முடியலையே!"